மேடைக்குப் பூட்டுப் போட்டவர் யார்?

2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்து ஹொவ்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் வாயிலை நோக்கி இரண்டு பெண்மணிகள் நடந்து வந்தனர். ஒருவர் ஜில் ஸ்டைன் என்னும் வைத்தியர். மற்றவர் செரி ஹொங்கலா. வறியோருக்கும் வீடற்றோருக்குமாக நெடுங்காலம் வீதியில் நின்று போராடியவர். பசுமைக் கட்சியின் பெயரால் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதிப் பதவிக்கும் உபசனாதிபதிப் பதவிக்கும் அவ்வாண்டு போட்டியிட்டவர்கள் இவர்களே. அந்நாட்டு வாக்காளரிற் பெரும்பாலோரின் வாக்குச்சீட்டில் இவர்களின் பெயர்கள் சட்டப்படி அச்சிடப்பட்டிருந்தன. அன்றிரவு அப்பல்கலைக்கழகத்தில் ஒபாமாவும் றொம்னியும் நாடறிய விவாதம் நடத்தவிருந்தனர். தமக்கும் அம்மேடையில் இடமுண்டு என்று கேட்டு வந்த இருவரையும் பொலிசார் மறித்தனர். அவர்கள் வீதியில் அமர்ந்தனர், கைதாயினர். சுமார் எட்டு மணி நேரம் நாற்காலியோடு சேர்த்துக் கைவிலங்கிடப்பட்டிருந்தனர். உள்ளே விவாதம் இனிதே நடந்தேறியது.

வேறொரு நாட்டில், ஆளுங் கட்சியின் மேடையை நாடி வந்த எதிர் அபேட்சகர் ஒருவர் இவ்வாறு விலங்கிடப்பட்டிருந்தால், வாஷிங்டனிலிருந்து எத்தனை கண்டன அறிக்கைகள் பறந்திருக்கும்! உலகத்துக்கெல்லாம் தேர்தற் கண்காணிப்பாளரை அனுப்பி வைக்கும் தேசம் அது. தன் வீட்டு வாயிலில் நடந்ததைக் கண்காணிக்க மட்டும் அதற்கு ஆளில்லாமற் போயிற்று.

பசுமைக் கட்சியின் கொள்கைகளுக்காக வாதாட நாம் இங்கு வரவில்லை. அக்கட்சி அத்தேர்தலிற் பெற்றது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவான வாக்கே. நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்குச் சட்டப்படி போட்டியிடும் ஒருவர் மக்கள் முன் பேசலாமா, பேசக்கூடாதா என்று தீர்மானிக்கும் உரிமையை, அவரோடு போட்டியிடும் இருவரிடமே ஒப்படைக்கலாமா?

அம்மேடையின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1934 ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய தகவற்றொடர்புச் சட்டத்தின் 315 ஆம் பிரிவு, ஓர் அபேட்சகருக்கு நேரம் வழங்கும் வானொலி நிலையம் அதே பதவிக்கு நிற்கும் ஏனையோருக்கும் சமமான வாய்ப்பு வழங்கவேண்டும் என்று விதித்தது. நேர்மையான விதி. 1960 இல் கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் நான்கு முறை விவாதித்தார்களே, அவ்விவாதங்கள் நடக்கவேண்டும் என்பதற்காக அவ்விதியை அவ்வாண்டுக்கு மட்டும் நிறுத்தி வைத்தது அமெரிக்கப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ். சிறு கட்சியினரை விலக்கி வைத்தே அப்புகழ்பெற்ற விவாதங்கள் தொடங்கின என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதன்பின் 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விவாதமே நடக்கவில்லை. 1975 இல் ஒலிபரப்பு அதிகாரிகள் சட்டத்துக்குப் புதுப் பொருள் கண்டனர். வேறொரு சபை ஒழுங்கு செய்யும் விவாதத்தைச் செய்தியாகக் கருதி ஒளிபரப்பினால், சமவாய்ப்பு விதி அதனைக் கட்டுப்படுத்தாதாம். சட்டத்தை மாற்றாமலே சட்டத்தின் உயிரை எடுத்துவிடலாம் என்பதை நம் வழக்கறிஞர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1976 முதல் 1984 வரை இவ்விவாதங்களைப் பெண் வாக்காளர் சங்கம் நடத்தியது. இரு கட்சிகளையும் சாராத சங்கம் அது. குறையற்றதென்று கூறமாட்டோம், ஆயினும் முதுகெலும்பு அதற்கிருந்தது. 1980 இல் ஜோன் அன்டர்சன் என்னும் சுயேச்சை அபேட்சகர் கருத்துக்கணிப்புகளில் நூற்றுக்கு 15 ஐ எட்டியபோது சங்கம் அவரை அழைத்தது. அன்று சனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டர், அன்டர்சன் நிற்கும் மேடைக்குத் தாம் வரப்போவதில்லை என்றார். சங்கம் அசையவில்லை. செப்டெம்பர் 21 ஆம் திகதி பால்ற்றிமோர் நகரில் ரீகனும் அன்டர்சனும் கார்ட்டர் இல்லாமலே விவாதித்தனர். நாட்டின் சனாதிபதி பிணங்கி நின்றபோதும் சபை கூடியது.

பெரிய கட்சிகளுக்கு இது பொறுக்குமா? 1987 இல் குடியரசுக் கட்சியின் தலைவர் ஃபாரன்கொப்பும் ஜனநாயகக் கட்சியின் தலைவர் கேர்க்கும் ஒன்றுகூடி, 'சனாதிபதி விவாத ஆணைக்குழு' என்ற ஒன்றை அமைத்தனர். பெயரைக் கேட்டால் அரசாங்கம் அமைத்த ஆணைக்குழு என்றே எவரும் எண்ணுவர். அது தனியார் நிறுவனம்! அதன் முதற் கூட்டுத் தலைவர்கள் யார்? அவ்விரு கட்சித் தலைவர்களே. மறு ஆண்டிலேயே புஷ்ஷின் ஆட்களும் டுகாக்கிஸின் ஆட்களும் இரகசியமாகப் பேசி, கேள்வி கேட்போரை யார் தெரிவு செய்வது என்பது முதல் மண்டபத்தில் யார் அமர்வது என்பது வரை ஓர் உடன்படிக்கை எழுதிச் சங்கத்தின் முன் நீட்டினர். 1988 ஒக்டோபர் 3 ஆம் திகதி பெண் வாக்காளர் சங்கம் அதனைத் தூக்கியெறிந்தது. வாக்காளரை ஏமாற்றும் மோசடிக்குத் தான் துணைபோக முடியாது என்று பகிரங்கமாக அறிவித்து விலகிக்கொண்டது. விலகிய இடத்தில் ஆணைக்குழு வந்து அமர்ந்தது. அன்று பூட்டிய பூட்டு அது.

நம் ஊர்ச் சந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு பெருந்தரகர்கள் ஒன்றுசேர்ந்து வாயிலில் காவல் போட்டு, "நூற்றுக்குப் பதினைந்து வாடிக்கைக்காரரை ஏற்கெனவே பிடித்தவன் மாத்திரம் உள்ளே கூடையை இறக்கலாம்" என்று விதித்தால், வெங்காய மூட்டையோடு சுன்னாகத்துக்கு வந்த கமக்காரர் என்ன சொல்வார்? சந்தைக்குள் விடாமல் வாடிக்கைக்காரரைப் பிடிப்பதெங்ஙனம் என்று கேட்கமாட்டாரா? இது கற்பனை அன்று. 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவ்வாணைக்குழு வகுத்த விதி இதுவே: ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் நூற்றுக்கு 15 பெறாதவர் மேடையேறலாகாது. மக்கள் அறியாதவரை மக்கள் ஆதரிப்பதில்லை. மக்கள் ஆதரிக்காதவர் மேடையேற முடியாது. மேடையேறாதவரை மக்கள் அறிவதில்லை. செக்குமாடு சுற்றுவதுபோற் சுற்றிச் சுற்றி வரும் இந்த நியாயத்துக்குப் 'புறநிலை அளவுகோல்' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். கருத்துக்கணிப்பு நடத்துவோரிற் சிலர் மூன்றாமவரின் பெயரைக் கேள்வியிற் சேர்ப்பதே இல்லை என்பது வேறு கதை.

இவ்விதி வாக்காளர்களின் மனத்தை எவ்வளவு பிழையாக அளக்கிறது என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 1992 இல் ரொஸ் பெரோ என்னும் டெக்ஸஸ் வணிகர் இரு பெருங் கட்சி அபேட்சகர்களோடும் சமமாக மேடையேறினார். இரு முகாம்களும் அவரைச் சேர்க்கச் சம்மதித்திருந்தன. தத்தம் எதிரிக்கே அவரால் நட்டம் என்று இரண்டும் கணக்குப் போட்டிருக்கலாம். விவாதங்களுக்கு முன் அவருக்கிருந்த ஆதரவு நூற்றுக்குப் பத்திலும் குறைவு. தேர்தல் முடிவில் அவர் பெற்றது ஏறத்தாழ 19. ஒரு கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள்! நாட்டின் கடன் சுமையையும், மெக்சிக்கோவுடனான வணிக உடன்படிக்கையால் தொழிலாளர் வேலையிழப்பர் என்ற அச்சத்தையும் அவர் சபை நடுவே வைத்தார். பெரிய கட்சிகள் இரண்டும் அவ்வுடன்படிக்கையில் ஏறத்தாழ ஒத்திருந்தன. மறுத்துப் பேச மூன்றாமவர் ஒருவரே இருந்தார். அவர் கூறியவை யாவும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டது. 1996 இல் அதே பெரோ அரசாங்க நிதியாகச் சுமார் 2 கோடியே 90 இலட்சம் டொலர் பெற்று மீண்டும் நின்றார். மக்களின் வரிப்பணத்தை வாங்கத் தகுதியுடையவர், அம்மக்கள்முன் பேசத் தகுதியற்றவராம். வெல்வதற்கு உண்மையான வாய்ப்பில்லை என்று கூறிக் கதவைச் சாத்தினர். முன்னைய தேர்தலில் நூற்றுக்கு 5 பெற்ற கட்சிக்கு நிதி கொடு என்கிறது சட்டம். 15 இல்லையேல் வாய் திறவாதே என்கிறது தனியார் குழு.

மற்றச் சாட்சி மினசோட்டா மாநிலம். 1998 இல் அங்கு ஆளுநர் பதவிக்கு ஜெசி வென்டுரா என்னும் முன்னாள் மல்யுத்த வீரர் சீர்திருத்தக் கட்சியின் சார்பில் நின்றார். ஆதரவு குறைவாயிருந்தபோதே விவாத மேடைகளுக்கு அவர் அழைக்கப்பட்டார். இரு கட்சிகளின் பெரிய மனிதர்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருக்க, இவர் மக்களுக்கு விளங்கும் மொழியிற் பேசினார். நூற்றுக்கு 37 வாக்குகளோடு ஆளுநரானார். அவர் நன்றாக ஆண்டாரா என்பது மினசோட்டா மக்களின் விடயம். ஆணைக்குழுவின் விதி அங்கு நடைமுறையில் இருந்திருந்தால், அவரை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாய்ப்பே அம்மக்களுக்குக் கிட்டியிராது.

கமக்காரராகிய வாசகர்கள் இங்கு மேலும் ஒரு கதையைக் கேட்கவேண்டும். 1892 இல் அமெரிக்கக் கமக்காரர்கள், புகையிரதக் கம்பனிகளின் கட்டணக் கொள்ளையாலும், விலைவீழ்ச்சியாலும், கடன்காரரின் நெருக்குதலாலும் மூச்சுமுட்டிப்போய், ஒமாஹா நகரிற் கூடி மக்கள் கட்சி என்ற ஒன்றின் பெயரால் அபேட்சகரை நிறுத்தினர். விளைச்சலை அரசாங்கக் கிட்டங்கியில் வைத்து அதன்மேற் குறைந்த வட்டிக்குக் கடன் பெற வழி வேண்டும் என்றனர். வருமானத்துக்கேற்ப ஏறும் வரி வேண்டும் என்றனர். செனட் சபையினரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யவேண்டும் என்றனர். பைத்தியக்காரக் கூட்டம் என்று நகரத்துக் கனவான்கள் நகைத்தனர். அவர்களின் அபேட்சகர் ஜேம்ஸ் வீவர் பெற்றது நூற்றுக்கு எட்டரை வாக்கு. 22 தேர்வாளர் வாக்கு. ஆனால் 1913 ஆம் ஆண்டுக்குள் வருமான வரியும் செனட் சபைக்கான நேரடித் தேர்தலும் அரசியலமைப்புத் திருத்தங்களாகவே ஏறிவிட்டன. எட்டரை! இன்றைய விதிப்படி வீவருக்கு மேடை கிடையாது. அன்று தொலைக்காட்சி இல்லாததால் அவர் பிழைத்தார். மரத்தடியிலும் களஞ்சிய வாயிலிலும் நின்று பேச முடிந்தது. இன்று ஓரிரவில் ஐந்து கோடி பேர், எட்டுக் கோடி பேர் பார்க்கும் விவாதத்தை இழந்தவர் எந்த மரத்தடியில் நின்று அதை ஈடு செய்வார்? குடியரசுக் கட்சியே 1854 இற் பிறந்த மூன்றாங் கட்சிதான். லிங்கன் 1860 இல் நால்வரோடு நால்வராக நின்று நூற்றுக்கு 40 இலும் சற்றே குறைந்த வாக்கோடு வென்றவர். தாம் ஏறிவந்த ஏணியைத் தூக்கி மறைப்போர், அவருடைய படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றனர்.

மறுதரப்பார் சொல்வதையும் கேட்போம். மேடையிற் சந்தைக் கூட்டமாகிவிடும், ஒருவர் பேச்சும் விளங்காது என்கின்றனர். 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி தன் உட்கட்சி விவாதத்துக்கு ஒரே மேடையிற் பத்துப் பேரை நிறுத்தியது. 2019 யூனில் ஜனநாயகக் கட்சி இரண்டு இரவுகளில் இருபது பேரை நிறுத்தியது. அப்போது கூட்டமாகத் தெரியாதது மூன்றாமவர் ஒருவர் வந்தவுடன் கூட்டமாகத் தெரிகிறதா? 2017 இல் பிரான்சிற் பதினொரு அபேட்சகரும் ஒரே மேடையில் விவாதித்தனர். அவர்களுள் ஒருவர் பிலிப் பூத்து. மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. பொலிஸ் விசாரணைக்கு அழைத்தபோது பாராளுமன்ற விலக்குரிமையைக் காட்டித் தப்பிய லு பென் அம்மையாரை நோக்கி, எங்களைப் போன்ற தொழிலாளருக்கு அத்தகைய விலக்குரிமை கிடையாதே என்று அவர் கேட்டார். அவருக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு ஒன்றேதான். ஆனால் அக்கேள்வியை அப்படிக் கேட்க அவரே வேண்டியிருந்தது.

ஆனால் எவரும் வரலாம் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்கத் தேர்தலுக்குப் பெயர் கொடுப்போர் நூற்றுக்கணக்கில் உண்டு. வேடிக்கைக்காகக் கொடுப்போரும் உண்டு. வெல்வதற்கு வேண்டிய 270 தேர்வாளர் வாக்குகளைத் தரத்தக்க மாநிலங்களில், கையொப்பம் திரட்டி, சட்டம் கேட்கும் கட்டுப்பாடுகளையெல்லாம் கடந்து வாக்குச்சீட்டில் ஏறியவர் எவரோ அவர் முதல் விவாதத்துக்கு வரட்டும். அதுவே போதிய சல்லடை. 2016 இல் அச்சல்லடையைத் தாண்டியோர் நால்வர் மட்டுமே: கிளின்டன் அம்மையார், ட்ரம்ப், கரி ஜோன்சன், ஜில் ஸ்டைன். நான்கு நாற்காலிக்கு இடமில்லாத மண்டபம் அமெரிக்காவில் உண்டோ? ஜோன்சன் இருமுறை நியூ மெக்சிக்கோ ஆளுநராயிருந்தவர். ஐம்பது மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் இருந்தவர். சிரியாவின் அலெப்போ நகரம் பற்றிக் கேட்டபோது அது என்ன என்று திருப்பிக் கேட்டு அவமானப்பட்டார். அவ்வறியாமையையும் எட்டுக் கோடி மக்கள் முன் காட்டட்டுமே! நாற்பத்தைந்து இலட்சம் பேர் அவருக்கு வாக்களித்தனர். அவரை உரைத்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கில்லையா?

அடுத்த வாதமே கனமானது. மூன்றாமவர் வாக்கைப் பிரிப்பார். அதனால் மக்களிற் பெரும்பாலோர் விரும்பாதவர் வென்றுவிடுவார். 2000 இல் புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளால் வென்றார். ரல்ஃப் நேடர் அங்கு பெற்றதோ 97,000 க்கு மேல். அதன் பின்விளைவை ஈராக் மக்களும் சுமந்தனர் என்று கூறுவோரின் வேதனையை நாம் ஏளனஞ் செய்யமாட்டோம். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள்: நேடர் அவ்வாண்டு எந்த விவாதத்திலும் சேர்க்கப்படவில்லை. முதல் விவாதத்தன்று பொஸ்ரன் நகரில், பார்வையாளராக அமரக் கையில் அனுமதிச் சீட்டோடு வந்தவரையும் திருப்பியனுப்பினர். மேடையைப் பூட்டியும் வாக்குப் பிரிந்ததன்றோ? நோய் வாக்கெண்ணும் முறையிலிருக்க, மருந்தை ஏன் பேச்சுரிமையின்மேல் தடவுகின்றனர்?

அந்நோய்க்கு மருந்து உண்டென்பதை இலங்கை வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டின் 1981 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தற் சட்டப்படி வாக்காளர் மூவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பவரிசைப்படுத்தலாம். நாற்பதாண்டுகள் ஏட்டளவிற் கிடந்த அவ்விதி 2024 செப்டெம்பரில் முதன்முறையாகப் பயன்பட்டு, இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. அதில் வென்ற அநுர குமார திசாநாயக்க 2019 இற் பெற்றது நூற்றுக்கு மூன்றே சொச்சம். அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் நம்மிடையே உண்டு. மூன்று வீதக்காரர் என்று அவருடைய வாயைக் கட்டியிருக்கவேண்டும் என்பார் இல்லை. வெல்வதற்காக மட்டும் அபேட்சகர் நிற்பதில்லை என்பதும் தமிழ் வாக்காளருக்குப் புதிதன்று; 1982 இல் குமார் பொன்னம்பலம் நின்றார், 2024 இல் அரியநேத்திரன் நின்றார். அமெரிக்காவிலும் மேய்ன் மாநிலம் 2020 இல் விருப்பவரிசை முறையிற் சனாதிபதித் தேர்தலை நடத்திவிட்டது. ஏனைய மாநிலங்களிற் பெரும்பாலானவை அசையவில்லை.

இன்னுமொன்று. மேடையைத் திறந்தால் விஷமுள்ளவனும் ஏறுவான் என்பர். உண்மை. 1968 இல் இனவெறியை முதலாக்கி நின்ற ஜோர்ஜ் வொலஸ் ஐந்து மாநிலங்களைப் பிடித்தார். ஆயினும் அவ்வாண்டு விவாத மேடை எதுவும் இல்லாமலே அவர் அத்தனையும் பிடித்தார்! தம் கூட்டங்களில் எதிர்க்கேள்வியின்றிப் பேசியவரை, கேள்வி கேட்கும் சபையில் நிறுத்தியிருந்தால் நாட்டுக்கு அதிக தீங்கு நேர்ந்திருக்குமா?

நீதிமன்றுகளை நாடினார்களா என்று சட்டமறிந்தோர் கேட்கலாம். பலமுறை நாடினர். 1998 இல் ஆர்க்கன்ஸோ மாநிலத்து வழக்கொன்றில், அரசாங்கத் தொலைக்காட்சியே ஒரு சுயேச்சை அபேட்சகரை விவாதத்திலிருந்து விலக்கலாம் என்று உயர்நீதிமன்று தீர்த்தது. ஆறு நீதியரசர் ஒருபுறம், மூவர் மறுபுறம். 15 வீத விதிக்கு எதிரான முறைப்பாடுகளைத் தேர்தல் ஆணையம் தள்ளியது முறையன்று, மீண்டும் ஆராய்க என்று 2017 இல் ஒரு நீதிபதி பணித்தார். அவ்வாணையம் ஆராய்ந்து முன்னைய முடிவையே திரும்பச் சொன்னது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றும் அதனை ஏற்றது. அந்த ஆணையத்தின் ஆறு இடங்களில் ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேற் போகலாகாது என்பது சட்டம். ஆகவே மூன்றும் மூன்றுமாக இரு கட்சிகளே அமர்வது அங்கு வழக்கமாயிற்று. வாயிற்காவலரும் அவர்களே, காவலர்மேல் முறைப்பாடு கேட்போரும் அவர்களே.

2024 இல் அந்த ஆணைக்குழுவையும் வேண்டாம் என்று ஒதுக்கினர். பைடனும் ட்ரம்பும் தொலைக்காட்சி நிறுவனத்தோடு நேரே பேசி, யூன் 27 ஆம் திகதி அட்லான்டாவில் விவாதித்தனர். மூன்றாமவராக நின்ற ரொபேட் கென்னடி இளையவர் 15 வீத விதியாலும் வாக்குச்சீட்டு விதியாலும் வெளியே நிறுத்தப்பட்டார். தடுப்பூசிகள் பற்றி அம்மனிதர் கூறிவந்தவற்றிற் பலவற்றை நாம் வெறுக்கிறோம். அவரை வைத்தியர்களும் கேள்வியாளரும் நாடறிய மடக்குவதைக் காண விரும்பினோம். நடந்ததோ வேறு. அன்றிரவு ஐந்து கோடி மக்களின் கண்முன் பைடன் தடுமாறினார். ஒரு மாதத்துக்குள், யூலை 21 ஆம் திகதி, போட்டியிலிருந்தே விலகினார். இருவர் மட்டும் நின்ற மேடையில் ஒருவர் சரிந்துகொண்டிருக்க, எதிரே நின்றவர் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருக்க, மூன்றாவது குரலொன்றைக் கேட்க வழியின்றி அமர்ந்திருந்தது அந்நாடு. அடுத்த சனாதிபதித் தேர்தல் 2028 நவம்பரில். அதற்கான விவாதத்தை யார் நடத்துவது, யாரை அழைப்பது என்பதை மீண்டும் இரு முகாம்களின் தரகர்களே மூடிய அறையில் எழுதப்போகின்றனரா, அல்லது வாக்குச்சீட்டில் ஏறியவருக்கு மேடையிலும் இடம் உண்டென்று காங்கிரஸ் ஒரு வரிச் சட்டமேனும் இயற்றுமா? 1934 இல் இயற்றிய 315 ஆம் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.